ஒரு பாடமும் ஒரு நிபந்தனையும்

பாடத்திட்டத்தில் யாருடைய வரலாறு இடம்பெற வேண்டும் என்பதைச் சட்டம் தீர்மானித்துவிட முடியுமா? அமெரிக்காவின் இரு மாநிலங்களது அனுபவம் இங்கே கருதத்தக்கது.

1968 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் கறுப்பின மாணவர் சங்கமும் மூன்றாம் உலக விடுதலை முன்னணியும் போராட்டத்தில் இறங்கின. நான்கு மாதங்களுக்கும் மேலாக நீடித்த அப்போராட்டத்தின் பயனாக 1969இல் இனக்குழு ஆய்வுகளுக்கெனத் தனிப் புலம் அங்கு உருவாயிற்று. கறுப்பினத்தவர், பூர்வகுடியினர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், ஆசிய அமெரிக்கர் ஆகியோரின் வரலாறு அதன் பொருளாயிற்று.

அப்பாடம் பள்ளியை எட்ட அரை நூற்றாண்டு பிடித்தது. மாதிரிப் பாடத்திட்டம் வகுக்கக் கலிஃபோர்னியா 2016இல் சட்டம் இயற்றியது. 2019இல் வெளியான முதல் வரைவு கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. பாடத்தைக் கட்டாயமாக்கும் மசோதாவை 2020இல் ஆளுநர் நியூசம் நிராகரித்தார். திருத்தப்பட்ட பாடத்திட்டம் ஏற்கப்பட்ட பின், 2021 அக்டோபரில் அத்தகைய மற்றொரு மசோதாவில் அவரே கையொப்பமிட்டார்.

அண்டை மாநிலமான அரிசோனா எதிர்த்திசையில் சென்றது. டூசான் பள்ளிகளின் மெக்சிக அமெரிக்க ஆய்வுகளைக் குறிவைத்து 2010இல் தடைச் சட்டம் வந்தது. இனப் பகைமையே அதன் உந்துதல் என 2017இல் தீர்ப்பளித்த நீதிபதி வாலஸ் தஷிமா, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அதே அரிசோனாவின் தடுப்பு முகாமில் சிறுவனாக அடைக்கப்பட்டிருந்த ஜப்பானிய அமெரிக்கர். பாடநூல் சொல்லத் தயங்கிய வரலாறு நீதிமன்ற மேடையில் அமர்ந்திருந்தது.

ஆயினும் கலிஃபோர்னியச் சட்டத்தில் ஒரு நிபந்தனை உண்டு: சட்டமன்றம் நிதி ஒதுக்கினால் மட்டுமே அது நடைமுறைக்கு வரும். 2025-26 கல்வியாண்டில் பாடம் தொடங்கியிருக்க வேண்டும். அவ்வாண்டின் நிதிநிலை அறிக்கையில் அதற்கு நிதி ஒதுக்கப்படவில்லை. எவரும் சட்டத்தை நீக்கவில்லை. அது செயலற்றுக் கிடக்கிறது.

நம் நாட்டில் இதற்குச் சட்டமும் தேவைப்படுவதில்லை. உடையின் சமூக வரலாற்றையும் திருவிதாங்கூர்ச் சாணார் பெண்களின் தோள்சீலைப் போராட்டத்தையும் கூறிய இயல், 2019இல் ஒன்பதாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. நூலிலிருந்து நீக்கப்பட்டது. சொல்லப்பட்ட காரணம், மாணவர்களின் பாடச்சுமை. அங்கே நிதியின்மை, இங்கே சுமைக் குறைப்பு: இரண்டும் நிர்வாக மொழிகளே. எனவே ஆய்வு மாணவர்கள் சட்டமன்ற விவாதங்களோடு நிதிநிலை அறிக்கைகளையும் பாடக்குறைப்புச் சுற்றறிக்கைகளையும் வரலாற்று ஆவணங்களாகப் படிக்கப் பழக வேண்டும். ஒரு சமூகத்தின் கடந்த காலம் வகுப்பறையிலிருந்து மறையும் தடம் பெரும்பாலும் அவற்றில்தான் பதிந்திருக்கிறது.