துருவுக்கும் ஒரு வரலாறு உண்டு

புதுக்கோட்டையில் ஒரு பட்டறை வாசலில் அந்த வண்டியைப் பார்த்தேன். முன்பாதி பழைய புல்லட். பின்பாதி பலகை அடித்த தொட்டி. சீட்டு ஏதோ காரிலிருந்து கழற்றியது. உடம்பெல்லாம் துரு. "பெயிண்ட் அடிக்கலையாண்ணே?" என்று கேட்டேன். "ஓடுதுல்ல தம்பி, அப்புறம் பெயிண்ட் எதுக்கு?" என்றார் மெக்கானிக்.

இதே பதிலை வைத்து அமெரிக்காவில் ஒரு கலாசாரமே வளர்ந்திருக்கிறது. பெயர் 'ரேட் ராட்', அதாவது எலி வண்டி. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் கலிஃபோர்னியா இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை மலிவாக வாங்கி, மட்கார்டைக் கழற்றி எறிந்து, பெரிய எஞ்சினை ஏற்றி வேகம் பார்த்தார்கள். அவை 'ஹாட் ராட்'. காலப்போக்கில் பணம் புகுந்தது. ஹாட் ராட்கள் பளபளத்தன, ரோட்டில் ஓடாமல் கண்காட்சியில் நின்றன. அதற்கு எதிர்வினையாக, 1990கள் வாக்கில் பரவலானதுதான் ரேட் ராட். போருக்கு முந்தைய உடல், நாலைந்து வண்டிகளின் பாகங்கள், மறைக்காத துரு, மறைக்காத வெல்டிங். எல்லாவற்றுக்கும் மேலே, அது ஓட வேண்டும். இதுதான் இலக்கணம்.

இந்த இலக்கணம் நம்ம ஊருக்குப் புதுசா என்ன? 1912இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். அன்று புதுக்கோட்டை தொண்டைமான்களின் சமஸ்தானம். ரயில் வந்ததே 1929இல்தான். சுமார் 60 கிலோமீட்டர், மாட்டுவண்டிக்குப் பழகிய பாதை. அந்தக் காலத்தில் சீமையிலிருந்து சேஸிஸும் எஞ்சினும் வரும், மேலே மர பாடி கட்டுவது உள்ளூர்த் தச்சர் வேலை. ஆகவே நம்முடைய பஸ்கள் பிறக்கும்போதே கலப்பு வண்டிகள்.

பிறகு போர் வந்தது. 1941இல் பெட்ரோலுக்கு ரேஷன். நாடெங்கும் பஸ்களின் பின்புறம் அடுப்பு முளைத்தது. டி.வி.எஸ் நிறுவனமே அப்படியொரு கேஸ் பிளான்ட் தயாரித்தது. கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதைக் குளிரவைத்து, வடிகட்டி, எஞ்சினுக்கு அனுப்ப வேண்டும். பெட்ரோலில் கிடைக்கும் இழுவை இதில் கிடைக்காது. கிளம்புமுன் அடுப்பை ஊதிப் பற்றவைக்க வேண்டும், மேடு வந்தால் திணறும். அழகு பார்க்க யாருக்கும் நேரமில்லை. ஊர் போய்ச் சேர்ந்தால் போதும்.

இங்கேதான் எனக்கு ஒரு நெருடல். அமெரிக்காவில் ரேட் ராட் ஒரு ரசனை. அங்கே துருப்பிடித்ததுபோல் பெயிண்ட் அடித்துக்கொள்கிறவர்கள்கூட உண்டு. நம்மிடம் அது வயிற்றுப்பாடு. சென்னையின் மீன்பாடி வண்டி ஒன்றை யாரும் காதலுக்காகக் கட்டவில்லை. துருவைத் தேர்ந்தெடுக்கிறவனுக்கும் துருவோடு வாழ்கிறவனுக்கும் நடுவே இருக்கும் தூரம், சட்டத்தின் முன் நிற்கும்போது இன்னும் நீள்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவான வண்டியைத் தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்தச் சட்டம் தப்பு என்று சொல்ல மாட்டேன். பிரேக் பிடிக்காத வண்டிக்கு எதிரே நடந்துவருகிறவரும் ஏழைதான். ஆனால் வண்டியைப் பறித்தால் ஒருவர் பொழுதுபோக்கை இழக்கிறார், இன்னொருவர் அன்றைய கூலியை இழக்கிறார்.

கரி பஸ்ஸை இன்று போர்க்கால சாமர்த்தியம் என்று பெருமையாகச் சொல்கிறோம். பட்டறை வாசலில் நிற்பதை ஓட்டை வண்டி என்கிறோம். இரண்டையும் கட்டியது ஒரே கைதான். திரும்பும்போது அந்த மெக்கானிக் குனிந்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். பிரேக்.