படகே வீடாக வாழ்ந்த செலேத்தார் மக்கள்



உலு திராம், மாசாய், பிளெந்தோங் பக்கத்துத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு ஜோகூர் பாருவும் சிங்கப்பூருக்குப் போகும் பாலமும் நன்கு தெரிந்தவை. அந்தப் பாலத்தின் இரு பக்கமும் தெரியும் நீருக்குத் தெப்ராவ் நீரிணை என்று பெயர். அந்த நீரிணையிலும் அதில் வந்து விழும் ஆறுகளிலும் ஒரு மக்கள் கூட்டம் படகிலேயே பிறந்து, படகிலேயே சமைத்து உண்டு, படகிலேயே பிள்ளை வளர்த்தது. அவர்கள்தாம் ஓராங் செலேத்தார்.

மலாய் உலகில் ஓராங் லாவுட் எனப்படும் கடல் மக்கள் பல பிரிவினர். மலாக்கா, ஜோகூர் சுல்தான்களுக்குப் படகு வலித்தவர்களும் கடற்காவல் செய்தவர்களும் அவர்களே. 1699இல் கோத்தா திங்கியில் சுல்தான் மஹ்மூட் கொல்லப்பட்ட பிறகு, பல கடல் மக்கள் புதிய அரச வம்சத்தை ஏற்கவில்லை. 1718இல் ராஜா கெச்சில் ஜோகூரைத் தாக்கியபோது அவர்களில் பலர் அவர் பக்கம் நின்றனர். செலேத்தார் மக்களின் உலகமோ இத்தனை பெரியதன்று. பாக்காவ் மரம் அடர்ந்த ஓடைகளும் ஆற்று முகத்துவாரங்களுமே அவர்களுக்கு ஊர்.

சிங்கப்பூரில் அரசாங்க நில அளவையாளராக இருந்த ஜே. டி. தாம்சன் 1847இல் இவர்களைப் பற்றி எழுதினார். அப்போது சுமார் 40 படகுகளில் 200 பேர் வாழ்ந்தார்கள் என்பது அவர் கணக்கு. ஒரு படகுக்கு ஐந்து பேர்! கணவன், மனைவி, பிள்ளைகள், அவர்களோடு நாயும் பூனையும். லயத்து வீட்டின் ஒற்றை அறையில் குடும்பம் நடத்திய நம் பாட்டிமார்களைக் கேட்டால், அந்த நெருக்கத்தின் சங்கடமும் தெரியும், சுகமும் தெரியும்.

படகின் கூரைக்குக் காஜாங் என்று பெயர். மெங்குவாங் எனப்படும் தாழையின் நீண்ட இலைகளை அறுத்து, ஓரத்து முள்ளை நீக்கி, வாட்டி உலர்த்தி, ஒன்றோடொன்று சேர்த்துத் தைப்பார்கள். மழை வந்தால் விரிக்கலாம், வெயில் தாழ்ந்தால் சுருட்டி வைக்கலாம். பாயும் கூடையும் அதே இலைதான். கம்பளி நூலால் பின்னுகிற குளிர்நாட்டுப் பெண்ணுக்கு ஆட்டு மயிர் எப்படியோ, இவர்களுக்கு மெங்குவாங் அப்படி.

உணவுக்கு அவர்கள் விதைக்கவில்லை, உழவில்லை. கடல் வற்றும் நேரமே அறுவடை நேரம். நாளுக்கு இருமுறை நீர் ஏறும், இருமுறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் அதிகம், சேற்று நிலம் வெகுதூரம் வெளியே தெரியும். அப்போது சிப்பி, நத்தை, மட்டி பொறுக்குவார்கள், பொந்திலிருந்து நண்டு பிடிப்பார்கள். காட்டோரம் கிழங்கும் கிடைக்கும், நாயை விட்டுக் காட்டுப்பன்றியும் வேட்டையாடுவார்கள். தீம்பாரில் பாக்கு கீரை பறித்து வரும் நம் தாய்மார்கள் இதைப் பிச்சைப் பிழைப்பு என்று சொல்லமாட்டார்கள். எந்த ஓடையில் எந்த மாதம் என்ன கிடைக்கும் என்பது ஒரு படிப்பு. உலு திராம் என்ற பெயரிலேயே திராம், அதாவது கடற்சிப்பி, ஒட்டிக்கொண்டிருக்கிறதே!

உறவினரைப் பார்க்க வேண்டுமானால் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதில்லை. வீடே புறப்பட்டுவிடும். பூலாய் பக்கத்துக் குடும்பம் நீரிணை வழியே கிழக்கே வரலாம். சிங்கப்பூரின் செலேத்தார் ஆற்றுக்கும் போகலாம். அவர்களுக்கு நீரிணை எல்லைக்கோடு அல்ல, தெரு.

அந்தத் தெருவின் குறுக்கே 1924 ஜூன் 28ஆம் நாள் கற்பாலம் முறைப்படி திறக்கப்பட்டது. நீளம் 1,056 மீட்டர். ரயிலுக்கும் மோட்டார் வண்டிக்கும் பாதை கிடைத்தது. படகுகள் கடக்க ஜோகூர் முனையில் ஒரு மதகு வைத்திருந்தார்கள். 1942 ஜனவரி 31இல், ஜப்பானியர் நெருங்கியபோது, பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பாலத்தைத் தகர்த்தது. போருக்குப் பின் சாலை சரியாயிற்று, மதகு மீண்டும் கட்டப்படவில்லை. 1965இல் சிங்கப்பூர் தனிநாடானதும், அக்கரை உறவு வெளிநாட்டு உறவாகிவிட்டது.

பாலத்தைக் கட்டியவர்களுக்குப் படகுக் குடும்பங்கள்மேல் பகை ஒன்றும் இல்லை. ஆனால் அவர்களை யாரும் கேட்கவும் இல்லை.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிச் செலேத்தார் மக்கள் மெல்ல மெல்லக் கரையேறினர். மலேசியச் சட்டத்தில் அவர்கள் ஓராங் அஸ்லி மக்கள். சிம்பாங் ஆராங், சுங்கை தெமோன், பாக்கார் பத்து, கோலா மாசாய் முதலிய கம்பங்களில் வாழ்கிறார்கள். மீனும் நண்டும் பிடிக்கிறார்கள், குப்பாங் என்னும் பச்சைச் சிப்பி வளர்க்கிறார்கள். கரையிலும் நிம்மதி முழுமையாகக் கிடைக்கவில்லை. 2006இல் தொடங்கிய இஸ்கந்தர் வளர்ச்சித் திட்டத்தோடு கடலோர நிலத்தின் மதிப்பு ஏறியது, அலையாத்திக் காடு குறைந்தது. தோட்டம் விற்கப்பட்டு லயத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. அவர்களுக்கும் கையில் பட்டா இல்லை, இவர்களுக்கும் இல்லை.

பாக்கார் பத்து, சுங்கை தெமோன் மக்கள் 2012இல் நீதிமன்றம் சென்றார்கள். முன்னோர் எங்கே படகு கட்டினார்கள், எங்கே சிப்பி பொறுக்கினார்கள், எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பதே இப்படிப்பட்ட வழக்கில் சான்று. 2017இல் ஜோகூர் பாரு உயர் நீதிமன்றம் அவர்களுடைய பாரம்பரிய நில உரிமையை ஏற்றுத் தீர்ப்பு வழங்கியது.