பத்து டாலர் வக்கீல்

1980-களின் அமெரிக்காவில் குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டிக்கொண்டவர் எவ்வளவு பணம் வேண்டுமானாலும் கொட்டி வக்கீல் வைத்துக்கொள்ளலாம். வரி ஏய்த்தவரும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் போரில் உடம்பு கெட்டுப்போய் அதற்கு உதவித்தொகை கேட்ட ஒரு முன்னாள் சிப்பாயிடம், "உன் நோய்க்கும் ராணுவ வேலைக்கும் சம்பந்தம் இல்லை" என்று அரசு கைவிரித்துவிட்டால், அவர் தன் வக்கீலுக்குக் கொடுக்கக்கூடிய அதிகபட்சத் தொகை பத்து டாலர். பதினோராவது டாலரை வாங்கும் வக்கீலுக்கு இரண்டு வருடம் வரை கடுங்காவல். சரி, பத்து டாலருக்கே ஒரு நல்ல மனிதர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வந்தும் பயனில்லை. வழக்குப் போட கோர்ட்டே கிடையாது!

இந்த விதியை எழுதியவர்கள் சிப்பாய்களின் எதிரிகள் அல்ல. அவர்களைக் காப்பாற்றத்தான் எழுதினார்கள். வேடிக்கையே அங்கேதான்.

ஆரம்பத்தில் கதை நேர் எதிராக இருந்தது. சுதந்திரப் போரில் ஊனமானவர்களின் மனுக்களை விசாரிக்கும் வேலையை 1792-ல் அமெரிக்க காங்கிரஸ் நீதிபதிகளிடமே கொடுத்தது. நீதிபதிகள் விசாரித்து "இவருக்கு இவ்வளவு கொடுக்கலாம்" என்று எழுத வேண்டும். போர்த்துறைச் செயலர் அதை ஏற்கலாம், நிறுத்தியும் வைக்கலாம். பிலடெல்பியாவில் வில்லியம் ஹேபர்ன் என்ற பழைய சிப்பாயின் மனு வந்தபோது நீதிபதிகள் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கோர்ட் தீர்ப்பை ஒரு அதிகாரி திருத்துவதா என்பது அவர்கள் கேள்வி. சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் பெரிய அரசியல் சாசன வழக்கு இது. அதிகாரப் பிரிவினை என்ற கொள்கை அதில் ஜெயித்தது. ஹேபர்ன் தன் பென்ஷனுக்கு இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்த வருடமே காங்கிரஸ் சட்டத்தை மாற்றியது.

அடுத்து உள்நாட்டுப் போர். லட்சக்கணக்கில் கை கால் இழந்தவர்கள், விதவைகள், அனாதைகள். 1862-ல் புதிய பென்ஷன் சட்டம் வந்ததும் கூடவே தரகர்களும் வந்தார்கள். சிப்பாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது, அல்லது எந்தப் படிவத்தை எங்கே அனுப்புவது என்று தெரியாது. தரகர் எழுதிக்கொடுப்பார். வரும் தொகையில் பெரும்பங்கு அவர் பைக்குள் போகும். இதைத் தடுக்கத்தான் அந்தச் சட்டத்திலேயே கட்டணத்துக்கு 5 டாலர் உச்சவரம்பு வைத்தார்கள். 1864-ல் அதை 10 டாலர் ஆக்கினார்கள்.

அன்றைக்கு அது நியாயமான தொகைதான். வடக்குப் படையில் ஒரு சாதாரண சிப்பாயின் மாதச் சம்பளம் 13 டாலர். 1864-ல்தான் 16 ஆனது. அதாவது பாதி மாதச் சம்பளத்துக்கும் மேலே. ஒரு படிவம் நிரப்பிக்கொடுக்க அது தாராளம். பணவீக்கம் என்று ஒன்று உண்டு என்பதை மட்டும் சட்டம் மறந்துவிட்டது. விலைவாசி எங்கேயோ போனது. அந்த 10 மட்டும் 1980-களிலும் 10 ஆகவே நின்றது.

அந்தக் காலத்தில் மனு நிராகரிக்கப்பட்டவர்களுக்கு வேறொரு வழி இருந்தது. தொகுதி எம்.பி.யைப் பிடிப்பது. அவர் அந்த ஒரே ஆளுக்காக காங்கிரஸில் ஒரு தனி மசோதா கொண்டுவருவார். ஆம், ஒரு மனிதரின் பென்ஷனுக்கு ஒரு சட்டம்! இப்படி வந்த மசோதாக்களை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்த ஒரே ஜனாதிபதி க்ரோவர் க்ளீவ்லாண்டாகத்தான் இருக்க வேண்டும். தன் முதல் ஆட்சிக் காலத்தில் இருநூறுக்கும் மேற்பட்டவற்றைத் திருப்பி அனுப்பினார், சிலவற்றில் நக்கலான குறிப்போடு. முன்னாள் ராணுவத்தினர் சங்கங்கள் கொதித்தன. 1888 தேர்தலில் அவர் தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம். 1890-களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசின் மொத்தச் செலவில் ஏறத்தாழ 40 சதவீதம் ராணுவ பென்ஷன். வாஷிங்டனில் அதற்கென்றே கட்டிய மாளிகையைச் சுற்றி 1,200 அடி நீளத்துக்குச் சிப்பாய்கள் அணிவகுத்துப் போகும் சிற்ப வரிசை இன்றும் இருக்கிறது. கட்டடம் இப்போது மியூசியம்.

கோர்ட் கதவை இறுக்கி மூடியது 1933. பொருளாதார மந்தத்தின் உச்சம். முந்தின வருடம்தான் போனஸ் கேட்டு தலைநகரில் குடிசை போட்டு உட்கார்ந்த முதல் உலகப் போர் வீரர்களை ராணுவமே விரட்டியடித்திருந்தது. புதிதாக வந்த ரூஸ்வெல்ட் பதவியேற்ற 16-ஆம் நாள், மார்ச் 20, 1933-ல், சிக்கனச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். முன்னாள் ராணுவத்தினர் நிர்வாகம் எடுக்கும் முடிவே இறுதி, எந்த நீதிமன்றமும் அதை மறுபரிசீலனை செய்ய முடியாது என்று அதில் ஒரு பிரிவு. செலவைக் குறைக்க வேண்டும், குறைத்ததை எதிர்த்து யாரும் கோர்ட்டுக்குப் போகவும் கூடாது. கணக்குப் போடுகிறவர்களுக்கு இது மிகச் சுலபமான வழி. அதே வருடம் மேல்முறையீட்டு வாரியம் ஒன்று அமைத்தார்கள். ஆனால் அதுவும் அதே நிர்வாகத்தின் ஒரு கிளை. மறுத்ததும் அவர்கள், மேல்முறையீட்டை விசாரிப்பதும் அவர்கள்.

மறுப்பு எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒருவர் மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும். இப்போது நோய் அல்லது ஊனம் இருக்கிறது. பணியில் இருந்தபோது ஏதோ ஒன்று நடந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு. குண்டு பாய்ந்த கால் என்றால் பிரச்சினை இல்லை. முப்பது வருடம் கழித்து வரும் புற்றுநோய் என்றால்? மூன்றாவது படியில்தான் பெரும்பாலானவர்கள் விழுவார்கள். சிலர் இரண்டாவதிலேயே. செயின்ட் லூயிஸ் நகரில் ராணுவ ஆவணக் காப்பகம் 1973 ஜூலையில் தீப்பிடித்தது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் போயின. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் ஆவணங்களில் 80 சதவீதம் சாம்பல். எரிந்தது அரசின் கையில் இருந்த காகிதம். நிரூபிக்க வேண்டியது மட்டும் சிப்பாய்.

1978-ல் மேல்முறையீட்டு வாரியம் வரை போனவர்கள் சுமார் 36,000 பேர். அவர்களில் முழுசாக ஜெயித்தவர்கள் 12 சதவீதம்.

இந்தச் சுவரில் முதலில் பலமாக மோதியவர்கள் அணுகுண்டுச் சிப்பாய்கள். நெவாடா பாலைவனத்தில் பதுங்கு குழிகளில் உட்காரவைக்கப்பட்டு அணுகுண்டு சோதனையைப் பார்த்தவர்கள், ஹிரோஷிமா, நாகசாகிக்குப் போரின் முடிவில் அனுப்பப்பட்டவர்கள். பல வருடம் கழித்து ரத்தப் புற்றுநோய், தைராய்டு என்று வரத் தொடங்கியது. சோதனை பற்றி வெளியில் பேசக் கூடாது என்ற கட்டுப்பாடு வேறு. அது 1996-ல்தான் நீங்கியது. கதிர்வீச்சின் அளவு, நோய்க்கான நிகழ்தகவு என்று விஞ்ஞானிகளே அடித்துக்கொள்ளும் விஷயத்தை ஒரு நோயாளி தனியாக வாதாட முடியுமா? நிபுணர் வேண்டும், நிபுணரைப் பிடிக்க வக்கீல் வேண்டும், வக்கீலுக்கோ பத்து டாலர். இவர்களின் சங்கம் கலிபோர்னியாவில் வழக்குப் போட்டது. உதவித்தொகை முடிவை எதிர்த்து அல்ல. அந்தப் பத்து டாலர் விதியே அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று. மாவட்ட நீதிபதி மர்லின் ஹால் பட்டேல் 1984-ல் அந்த விதிக்குத் தடை போட்டார்.

1985 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் தடையை நீக்கியது. பெரும்பான்மைக்காக எழுதிய ரென்குவிஸ்ட் சொன்னதன் சாரம்: இது சண்டை போடும் இடம் அல்ல, அரசு மனுதாரருக்கு உதவும் இடம், சங்கங்களின் ஊழியர்கள் இலவசமாக வாதாடுகிறார்கள், வக்கீல்கள் நுழைந்தால் சிக்கலும் தாமதமும்தான் மிஞ்சும், சிப்பாயின் பணம் சிப்பாயிடமே இருக்கட்டும். எதிர்த்து எழுதிய ஸ்டீவன்ஸ், 1864-ல் பொருத்தமாக இருந்த தொகை இன்று வக்கீலே கூடாது என்பதற்குச் சமம், தன் அரசோடு மோதும் குடிமகனுக்குத் துணையாகத் தனக்கு விருப்பமான வக்கீலை வைத்துக்கொள்ளும் சுதந்திரம் வேண்டாமா என்று கேட்டார்.

ரென்குவிஸ்டின் வாதத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. அந்தச் சங்க ஊழியர்கள் பலர் நேர்மையாக, நிஜமாகவே இலவசமாக உழைத்தவர்கள். ஆனால் "உதவும் இடம்" என்ற வர்ணனைக்கு இரண்டே வருடத்தில் பதில் கிடைத்தது. வழக்கு மறுபடி பட்டேலிடம் வந்தபோது, தங்களுக்குப் பாதகமான ஆவணங்களை நிர்வாகம் அழித்திருந்தது தெரியவந்தது. 1987-ல் அவர் அதற்காக நிர்வாகத்துக்கு அபராதம் போட்டார்.

இன்னொரு பக்கம் வியட்நாம். காடுகளின் இலைகளை உதிர்க்க அமெரிக்க விமானங்கள் தெளித்த 'ஏஜென்ட் ஆரஞ்சு' ரசாயனம், தெளிக்கச் சொன்ன படையின் மேலேயும் விழுந்தது. (கீழே இருந்த வியட்நாம் மக்கள் கதி தனிக் கதை, அதற்கு எந்தப் படிவமும் இருக்கவில்லை.) 1977-ல் சிகாகோ அலுவலகத்தில் மனுக்களைக் கவனித்த மாட் டிவிக்டர் என்ற பெண் ஊழியர்தான் ஒரே மாதிரி நோய்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். அடுத்த வருடம் சிகாகோ தொலைக்காட்சி ஒன்றில் அது ஆவணப்படமாக வந்து ஊரே பேசியது. ஆனாலும் 1985-ல் நிர்வாகம் போட்ட விதி, இந்த ரசாயனத்தால் வருவதாக ஏற்றுக்கொண்டது ஒரே ஒரு தோல் நோயைத்தான். தனி மனிதர் முடிவைத்தான் கோர்ட் தொடக் கூடாது, விதியைத் தொடலாமே என்று வக்கீல்கள் சந்து கண்டுபிடித்தார்கள். 1989-ல் ஒரு நீதிபதி அந்த விதியை ரத்து செய்தார்.

இதற்குள் கதவு திறந்தாகிவிட்டது. கோர்ட்டுக்குப் போகும் உரிமை தரும் மசோதாவை செனட் பலமுறை நிறைவேற்றி அனுப்பியும், கீழ்சபைக் கமிட்டித் தலைவர் சன்னி மான்ட்கோமரி பல வருடம் அசையவில்லை. அவரும் சிப்பாய்களின் நண்பராகப் பெயர் எடுத்தவர்தான். பழைய பெரிய சங்கங்கள் சிலவும் அவர் பக்கம். வக்கீல்கள் வந்தால் குடும்பச் சண்டை கோர்ட் சண்டை ஆகிவிடும் என்ற பயம். வியட்நாம் தலைமுறையின் புதிய சங்கம் விடவில்லை. கடைசியில் பேரம். 1988 நவம்பர் 18-ல் ரீகன் கையெழுத்திட்டார். சாதாரண நீதிமன்றங்கள் வேண்டாம், முன்னாள் ராணுவத்தினருக்கென்றே தனி மேல்முறையீட்டு நீதிமன்றம். அங்கே சிப்பாய் போகலாம், தோற்ற அரசு போக முடியாது. பத்து டாலரும் அன்றோடு ஒழிந்தது. ஆனால் வக்கீல் பணம் வாங்குவது வாரியம் ஒருமுறை மறுத்த பிறகே. அந்த இடைவெளி 2006 சட்டத்தில்தான் குறைந்தது.

புதிய நீதிமன்றத்தின் ஆரம்ப காலத் தீர்ப்புகளில் ஒன்று 1990-ல் வந்த கில்பர்ட் வழக்கு. இரு பக்கச் சாட்சியமும் சமமாக இருந்தால் தீர்ப்பு சிப்பாய்க்கே என்ற பழைய விதியை அது விளக்கியது. நீதிபதிகள் காட்டிய உதாரணம் தெருவில் பேஸ்பால் ஆடும் பிள்ளைகள்: பந்தும் ஓடுகிறவனும் ஒரே நேரத்தில் வந்தால் ஓடுகிறவன் அவுட் இல்லை. நம்மூர் கிரிக்கெட்டில் சந்தேகத்தின் பலன் பேட்ஸ்மேனுக்கு என்கிறோமே, அதேதான். இந்த விதி முன்பும் புத்தகத்தில் இருந்தது. அம்பயரை யாரும் கேள்வி கேட்க முடியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

கோர்ட் வந்ததோடு கோர்ட்டின் கறாரும் வந்தது. டேவிட் ஹென்டர்சன் கொரியப் போரில் இருந்தவர். கடுமையான மனநோய்க்காக 1992-ல் முழு ஊனம் என்று அரசே ஒப்புக்கொண்டவர். வீட்டில் பார்த்துக்கொள்ள உதவி கேட்டார், மறுக்கப்பட்டது. மேல்முறையீட்டுக்கு 120 நாள் கெடு. அவர் 15 நாள் தாமதம். தாமதத்துக்குக் காரணமே தன் நோய்தான் என்றார். நீதிமன்றம் கேட்கவில்லை. 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, அந்தக் கெடு அவ்வளவு இரும்புத்தனமானது அல்ல என்று சொன்னது. ஹென்டர்சன் அதற்குச் சில மாதம் முன்பே இறந்துவிட்டார். வழக்கை முடித்தது அவர் மனைவி.

2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறை மாறியது. மறுப்பு வந்தவர் ஒரு வருடத்துக்குள் புதிய சாட்சியத்தோடு மறுபடி கேட்கலாம், மூத்த அதிகாரியைப் பார்க்கச் சொல்லலாம், அல்லது நேரே வாரியத்துக்குப் போகலாம். 2022-ல் ஈராக், ஆப்கானிஸ்தானில் குப்பைக் குழிகளின் புகையைச் சுவாசித்தவர்களுக்காகப் பெரிய சட்டம் வந்தது. பல நோய்களுக்குத் தொடர்பை இனி நிரூபிக்க வேண்டியதில்லை. மனுக்கள் குவிந்தன.

குவிந்ததும் தரகர்கள் திரும்பி வந்தார்கள். அங்கீகாரம் பெற்ற வக்கீல்களுக்குக் கட்டண வரம்பு உண்டு; நிலுவைத் தொகையில் 20 சதவீதம் என்றால் நியாயமாக ஏற்கப்படும். அங்கீகாரமே வாங்காத "ஆலோசனை" கம்பெனிகளுக்கு அந்தக் கவலை இல்லை. உயர்ந்த மாதத் தொகையைப் போல ஐந்து மடங்கு வரை கேட்பவர்கள் இருக்கிறார்கள். அனுமதியில்லாமல் கட்டணம் வாங்கினால் சிறை என்று உள்நாட்டுப் போர் காலத்திலிருந்து இருந்த தண்டனை, வக்கீல்களுக்கு வழிவிட்ட அதே 2006 சட்டத்தில் காணாமல் போயிருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லும் மசோதாவும், இந்தக் கம்பெனிகளுக்குக் கட்டண வரம்பு வைத்து அனுமதித்துவிடலாம் என்னும் மசோதாவும் பிறகு காங்கிரஸில் எதிரெதிராக வந்து நின்றன.