கடலோடிய காலம் – 11: அத்திலாந்திக்கைக் கடந்த அன்னபூரணி

1938 ஆகஸ்ட் 1. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள குளோஸ்டர் துறைமுகத்துக்குள் இரட்டைப் பாய்மரக் கப்பல் ஒன்று நுழைந்தது. குளோஸ்டர்க்காரர்களுக்குப் பாய்க்கப்பல் புதிதல்ல. 1700களிலிருந்தே விரைவாக ஓடும் மீன்பிடிக் கப்பல்களைக் கட்டிப் பேரெடுத்த ஊர் அது. ஆனால் அன்று வந்த கப்பலைப் போன்ற உடம்பையும், அதன் தட்டில் நின்றவர்களைப் போன்ற மாலுமிகளையும் அவர்கள் அதுவரை கண்டதில்லை. கப்பலின் நீளம் 89 அடி, அகலம் 19 அடி. மாலுமிகள் ஐந்து பேர் யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த தமிழர்கள். அந்தக் கப்பல் கட்டப்பட்டதும் வல்வெட்டித்துறைக் கடற்கரையில்தான். பெயர் அன்னபூரணி அம்மாள்.

மட்டக்களப்பு வாவியிலிருந்து பொத்துவில் வரைக்கும் நம் கரையின் கதையைப் பேசி வரும் இந்தத் தொடர் ஏன் திடீரென்று வடக்கே போகிறது என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முன் கல்முனையும் சம்மாந்துறையும் நிந்தவூரும் அக்கரைப்பற்றும் மட்டக்களப்போடு சேர்ந்தவை. புகையிரதம் மட்டக்களப்பை எட்டியது 1920களின் கடைசியில்தான். லொறி ஓடும் தெருக்கள் அதற்கும் பிறகு வந்தன. அதுவரை மட்டக்களப்புச் சீமையின் நெல்லும் தேங்காயும் வடக்கே போக நல்ல வழி கடல் வழிதான். அந்த வழியில் ஓடியவை அன்னபூரணியின் இனத்தைச் சேர்ந்த பாய்க்கப்பல்களும் அவற்றிலும் சிறிய தோணிகளும். இந்தக் கப்பலின் கதையில் நமக்கும் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் கரையில் கப்பல் ஒதுங்க இயற்கையான துறை இல்லை. நேரான மணற்கரை, கரையோடு உடையும் அலை. பெரிய தோணி அலை உடையும் இடத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கைச் சிறு வள்ளங்களில்தான் கரை சேர்க்க வேண்டும். மூடைகளைத் தலையில் சுமந்து, மார்பளவு தண்ணீரில் நடந்து வரும் வேலை அது. வாடைக்காற்றுத் தொடங்கிவிட்டால் அதுவும் நடக்காது. கடல் கொந்தளிக்கும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் கிழக்குக் கரையை விட்டுப் பாய்க்கப்பல்கள் விலகிவிடும். வாடை ஓய்ந்து கடல் அடங்கிய பிறகு மறுபடி வரும். காற்றோடு ஒத்துப்போகத் தெரியாதவன் இந்தக் கடலில் வியாபாரம் செய்ய முடியாது.

வல்வெட்டித்துறைக் கப்பல்கள் நாகப்பட்டினம், ரங்கூன், அக்கியாப் என்று வங்காள விரிகுடா முழுவதும் ஓடின. பர்மா அரிசி அவற்றின் முக்கியச் சரக்கு. அப்படி ஓடத் தகுந்த கப்பலாகத்தான் அன்னபூரணி 1930இல் கட்டப்பட்டது. பெரும்பாலும் வேப்ப மரம். வேம்பைக் கப்பலுக்குப் போட்டதில் ஒரு கணக்கு உண்டு: கடல் புழு எளிதில் துளைக்காது, உள்ளூரிலேயே வளைந்த கிளைகள் கிடைக்கும். கப்பலின் விலா எலும்பான வங்குகளுக்கு வளைந்த மரம்தான் வேண்டும். நேர்மரத்தை வளைத்துச் செய்வதை விட, வளைந்தே வளர்ந்த கிளையைத் தேடி வெட்டினால் பலம் குறையாது.

கப்பல் கட்டும் மேத்திரிமாரிடம் காகித வரைபடம் கிடையாது. ஏரா என்னும் அடிமரத்தைக் கிடத்தி, அதன் நீளத்தை வைத்தே மற்ற அளவுகளை மனக்கணக்கால் சொல்லிவிடுவார்கள். அணியம் எவ்வளவு உயர வேண்டும், அமரம் எவ்வளவு அகல வேண்டும் என்பதெல்லாம் தகப்பனிடமிருந்து மகன் கையோடு கற்ற கணக்கு. பலகைகளுக்கு இடையிலான இடுக்கில் பஞ்சையும் கயிற்று நாரையும் உளியால் அடித்து இறுக்கி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். இந்த அடைப்பு வேலையில் ஓர் இடம் தவறினால் நடுக்கடலில் தண்ணீர் இறைத்தே ஆட்கள் செத்துப்போவார்கள். அதனால் கப்பலைக் கடலில் இறக்குவதற்கு முன், பலகை பலகையாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார்களாம். சத்தத்தில் வெடிப்புத் தெரிந்துவிடும்.

அன்னபூரணி கடந்த வழியின் அருமை புரிய, காலத்தைச் சற்றுப் பின்னால் தள்ளிப் பார்ப்போம். உலகில் பேர்போன பாய்க்கப்பல் எது என்று கேட்டால் இன்றைக்கும் பலர் சொல்லும் பெயர் கட்டி சார்க். ஸ்கொட்லாந்தின் டம்பார்ட்டனில் கட்டி 1869 நவம்பர் 22இல் நீரில் இறக்கினார்கள். சீனத் தேயிலையை மற்றக் கப்பல்களுக்கு முந்தி இலண்டனுக்குக் கொண்டுவருவதுதான் அதன் வேலை. ஆனால் அதற்கு ஐந்து நாட்களுக்கு முன், நவம்பர் 17இல், சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டுவிட்டது. நீராவிக் கப்பல்கள் கால்வாய் வழியாகக் குறுக்கே போய் வந்தன. பாய்க்கப்பலால் அது கூடவில்லை. செங்கடலின் வடபாதியில் ஆண்டு முழுவதும் காற்று வடக்கிலிருந்து எதிர்த்து வீசும். ஆகவே கட்டி சார்க் ஆபிரிக்காவைச் சுற்றியே ஓட வேண்டியிருந்தது. 1872இல் தெர்மோபிலே என்ற கப்பலோடு போட்டி போட்டு வந்தபோது, இந்து சமுத்திரத்தில் அதன் சுக்கான் அடித்துக்கொண்டு போய்விட்டது. கப்பலின் தச்சரான ஹென்றி ஹென்டர்சன் புயலுக்கு நடுவே தட்டில் உலை மூட்டி, இரும்பைக் காய்ச்சி அடித்து, கப்பலில் இருந்த மரங்களைக் கொண்டே புதுச் சுக்கான் செய்தார். கப்பல் இலண்டன் சேர்ந்தது, ஏழு நாள் பின்தங்கி. அந்தத் தோல்வியே கட்டி சார்க்கின் பெருமையாகிவிட்டது. தேயிலை கைவிட்டுப்போன பிறகு ஆஸ்திரேலியக் கம்பளியை ஏற்றி, சிட்னியிலிருந்து இலண்டனுக்கு 73 நாளில் வந்து பெயரை மீட்டது. 1954இலிருந்து இலண்டன் கிரீனிச்சில் உலர்துறையில் நிற்கிறது. 2007இல் தீப்பற்றியும், பெரும் பணம் செலவழித்து 2012இல் மீண்டும் திறந்தார்கள்.

இனி நம் கப்பலுக்கு வருவோம். வில்லியம் அல்பர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் 1928இலிருந்து 1931 வரை, ஸ்வாப் என்ற சின்னஞ்சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்தவர். பாய்க்கப்பல் என்றால் உயிர். அவருடைய மனைவி புளோரன்ஸ், குழாய் வியாபாரத்தில் பெரும் செல்வம் சேர்த்த சிக்காகோ கிரேன் குடும்பத்துப் பெண். 1930களின் நடுவில் இலங்கைக்கு வந்த ரொபின்சன் அன்னபூரணியைக் கண்டார், விலை பேசி வாங்கினார், மனைவியின் பெயரில் புளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று பெயரை மாற்றினார். கப்பலைச் செலுத்தும் பொறுப்பில் அமெரிக்கக் கப்டன் ஒருவர் இருந்தார். ஆனால் அந்தக் கப்பலின் உடம்பும் பாயும் கயிறும் எந்தக் காற்றுக்கு எப்படி நடக்கும் என்று அறிந்தவர்கள் வல்வெட்டித்துறை மாலுமிகளின் தலைவரான தண்டயல் தம்பிப்பிள்ளையும் அவருடைய ஊர்க்காரர்களும்தான்.

கொழும்பிலிருந்து ஏடன். பிறகு செங்கடல், சுயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரோல்டர், அத்திலாந்திக், பர்மியூடா, கடைசியில் குளோஸ்டர். கட்டி சார்க் போன்ற கப்பல்களைத் தேயிலை வியாபாரத்தை விட்டே விரட்டிய அதே கால்வாய் வழியாக, அதே எதிர்க்காற்றை வெட்டி வெட்டி ஓடி, வேப்ப மரத்தில் கட்டிய வியாபாரக் கப்பல் வடக்கே ஏறிப் போயிருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். காற்றுக்கு எதிரே நேராகப் பாய் பிடிக்க முடியாது. வலமும் இடமுமாகக் குறுக்கே ஓடி, ஒவ்வொரு திருப்பத்திலும் பாயை மாற்றிக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக முன்னேற வேண்டும். இரு பக்கமும் பவளப் பாறை நிறைந்த கடலில் இது இரவும் பகலும் ஓயாத வேலை. பிறகு அத்திலாந்திக். வங்காள விரிகுடாவின் குணத்தைப் படித்தவர்களுக்கு அந்தக் கடலின் நீண்ட, குளிர்ந்த அலை புதிது. கப்பல் தாங்கியது. மாலுமிகளும் தாங்கினார்கள்.

பொஸ்டன் பத்திரிகைகள் இவர்களைப் பற்றி எழுதின. அதே ஆண்டு ஒக்டோபரில், குளோஸ்டரின் ஜெர்ட்ரூட் தீபோ என்ற கப்பலும் கனடாவின் புளூநோஸும் அந்தக் கரையோரத்தில் ஓட்டப் போட்டியில் இறங்கின. புளூநோஸ் வென்றது. மீன்பிடிப் பாய்க்கப்பல்களின் அந்த வரிசைப் போட்டி அத்தோடு முடிந்துபோனது. ஆக, பாய்க்கப்பல் யுகம் மேற்கிலும் கண்மூடிய ஆண்டில்தான் அன்னபூரணி அங்கே போய் நின்றது.

இந்தப் பயணத்தைச் சாகசம் என்று சொல்லி நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை. ரொபின்சன் அழகுக்காகக் கட்டிய உல்லாசக் கப்பலை வாங்கவில்லை. சரக்கு ஏற்றி உழைக்கக் கட்டிய கப்பலை வாங்கினார். தம்பிப்பிள்ளையும் கூட்டாளிகளும் கடற்படைப் பள்ளியில் படித்தவர்கள் அல்லர், அரிசியும் நெல்லும் ஓடும் வியாபாரத்தில் கடலைக் கற்றவர்கள். அந்த வியாபாரம் எவ்வளவு ஆழமான கல்வியைத் தந்தது என்பதற்கு குளோஸ்டர் துறைமுகம் சாட்சி.

அந்தக் கல்வியில் முஸ்லிம்களுக்கும் பெரும் பங்கு உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் மரைக்காயர்கள் சொந்தக் கப்பல் வைத்து இதே விரிகுடாவில் ஓடினார்கள். கடலோடிகளின் காவலராக அவர்கள் போற்றிய நாகூர் ஷாகுல் ஹமீது வலியின் பெயரில்தான் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் இன்றும் ஆண்டுதோறும் கொடி ஏறுகிறது. நாகூரில் 131 அடி உயரத்தில் நிற்கும் பெரிய மனாராவைப் பார்த்துத் திசை பிடித்த மாலுமிகளின் பக்தி, கப்பலோடு சேர்ந்து நம் கரைக்கு இறங்கியிருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடும் கடவுச்சீட்டும் வந்தன. தெருவில் லொறி ஓடியது. பாய்க்கப்பல் ஒவ்வொன்றாகக் கரை ஏறியது. 2013இல் ஒலுவிலில் துறைமுகம் திறந்தபோது நம் கரைக்கு மறுபடி வியாபாரக் கப்பல் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். வாயிலை மணல் மூடியது, பக்கத்துக் கரையைக் கடல் அரித்தது. இந்தக் கரையில் மணல் எந்தக் காற்றில் எந்தப் பக்கம் நகரும் என்பது தோணிக்காரர்களின் அன்றாட அறிவு. அந்த அறிவை எழுதி வைக்கத் தவறியது நம் சமூகத்தின் பெரும் இழப்பு என்றே நான் கருதுகிறேன்.

2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியபோது மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது வீடுகளோடு எத்தனையோ பழைய பெட்டிகளும் போயின. மிஞ்சியவை மனிதர்களின் நினைவில்தான் இருக்கின்றன. வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் வாப்பாவோ மூத்தவாப்பாவோ தோணியில் சரக்கு ஏற்றியவர், இறக்கியவர், பாய் தைத்தவர், மரம் அறுத்தவர் என்றால், அவர் சொன்னதை இன்றே எழுதி வையுங்கள். பெரியவர்கள் உயிரோடு இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். தோணியின் பெயர், ஏற்றிய சரக்கு, நங்கூரம் போட்ட இடம், எந்த மாதம் வந்து எந்த மாதம் போனது: இவ்வளவு தெரிந்தாலே போதும். ஒரு பிரதியை உங்கள் ஊர் நூலகத்தில் கொடுத்து வையுங்கள்.

(தொடரும்)