சத்திரங்களை நடத்திய அரண்மனைப் பெண்கள்

சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையிலுள்ள புதுச்சத்திரம், வழிப்போக்கர்க்கு உணவும் உறைவிடமும் அளித்த சத்திரம் என்னும் அறநிலையத்தைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊர். பொது வசதிகளை அரண்மனைப் பெண்கள் பெயரால் அமைப்பது பிற நாடுகளிலும் உண்டு: உதுமானியப் பேரரசின் தலைநகரான இஸ்தான்புல்லில் 1556ஆம் ஆண்டளவில் அரசி ஹுர்ரெம் பெயரால் சினான் என்னும் கட்டடக் கலைஞர் எழுப்பிய ஹமாம், அதாவது வெந்நீரும் நீராவியும் கொண்ட பொதுக் குளியல்கூடம், பெரும்புகழ் பெற்றது. தமிழகச் சமவெளியின் வெயிலில் அத்தகைய கூடம் வேரூன்றவில்லை. பயணிகள் குளத்துப் படித்துறையிலோ கிணற்றடியிலோ நீராடிச் சத்திரத்தில் உண்டு உறங்கினர் என்பதால், பொது வசதிகளின்மேல் பெண்கள் செலுத்திய அதிகாரத்தை இங்கே சத்திரங்களில்தான் தேட வேண்டும்.

பேரன் விஜயரங்க சொக்கநாதருக்காக 1689 முதல் மதுரை நாயக்க அரசை ஆண்ட இராணி மங்கம்மாள், சாலைகளையும் சத்திரங்களையும் அமைத்தவராக இன்றும் போற்றப்படுகிறார். மதுரை இரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரால் ஒரு சத்திரம் நிற்கிறது.

ஆயினும் மிக விரிவான சான்று தஞ்சை மராத்தியர் ஆட்சியிலிருந்தே கிடைக்கிறது. இராமேசுவரம் செல்லும் யாத்திரை வழியில், நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் பெயராலும் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் பெயராலும் என அரண்மனைப் பெண்களின் பெயர் தாங்கிய சத்திரங்கள் எழுந்தன. அவற்றுக்கு விடப்பட்ட மானிய நிலங்களின் வருவாயும் மேற்பார்வையும் அரண்மனைப் பெண்களின் பொறுப்பில் இருந்தமையால், இவர்களைப் பெயரளவுப் புரவலர் என்று ஒதுக்குவது பெரும்பிழை. தஞ்சை அரசர் இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடென்ட் என்னும் அரசவைப் பிரதிநிதியான பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம் அப்பொறுப்பின் அளவை உணர்த்துகிறது: எல்லாச் சாதியாருக்கும் உணவு, நள்ளிரவில் மணியடித்து உண்ணாதவரை அழைக்கும் வழக்கம், நோயாளிக்கு மருத்துவர், கருவுற்ற பெண்ணுக்குப் பேறுகாலப் பராமரிப்பு, அனாதைக் குழந்தைகளுக்குக் கல்வி, இறந்த பயணிக்கு ஈமக்கடன் எனச் சத்திரப் பணிகள் விரிந்திருந்தன. 1799இல் நாட்டின் ஆட்சியைக் கம்பெனியிடம் விட்ட அரசர், சத்திரங்களையேனும் கைவிடலாகாது என மன்றாடியதன் காரணம் இதில் தெளிவாகிறது.

1855இல் தஞ்சை அரசர் இரண்டாம் சிவாஜி ஆண்வாரிசின்றி இறந்தபின் கம்பெனி எஞ்சிய அரசுரிமையையும் எடுத்துக்கொள்ள, அரண்மனைப் பெண்களின் கையிலிருந்த சத்திர நிர்வாகம் அதிகாரிகளிடம் சென்றது. வருவாயின் ஒரு பகுதி கல்விக்குத் திருப்பப்பட்டு, திருவையாற்று அரசர் கல்லூரி போன்ற நிறுவனங்களுக்கு ஆதாரமாயிற்று.