அறிஞர் கூடும் அவையும் தகடூர்ப் புதிரும்

ஆராய்ச்சி நிறுவனங்கள் வெள்ளிவிழாவும் பொன்விழாவும் கொண்டாடுகின்றன. விழாவையொட்டிக் கருத்தரங்கு கூடுகிறது. பல துறை அறிஞர்கள் ஒரே மேடையில் அமர்கின்றனர். மாலையும் வாழ்த்துரையும் முடிந்தபின், இக்கூட்டத்தால் விளைந்த பயன் யாது என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குரிய விடையைத் தருமபுரி மாவட்டத்தின் பழைய வரலாறே நமக்குத் தருகிறது.

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர் அது. ஔவைக்கு அவன் நெல்லிக்கனி ஈந்த செய்தியை நம் பிள்ளைகளும் அறிவர். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்ற போரைப் பாடிய 'தகடூர் யாத்திரை' என்னும் நூல் அழிந்துபோயிற்று. சிதறிய சில பாடல்களே எஞ்சின. 1894ஆம் ஆண்டில் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றியபின் அதியமானின் புகழ் மீண்டும் பரவியது. ஆயினும், புலவர் பாட்டில் வருவதெல்லாம் வரலாறாகிவிடுமா என்று ஐயுற்றோர்க்குக் காட்ட, அம்மன்னன் பெயர் பொறித்த கல் ஒன்றும் அன்று கையில் இல்லை.

வேறொரு துறையினர் வேறொரு புதிரோடு போராடிக்கொண்டிருந்தனர். 1837ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிரின்செப் அசோகரின் பிராமி எழுத்துகளைப் படித்தறிந்தார். மனிதர்க்கும் கால்நடைக்கும் மருத்துவ வசதி செய்ததைக் கூறும் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், தெற்கேயுள்ள நாட்டினராகச் சோழரும் பாண்டியரும் கேரளபுத்திரரும் குறிக்கப்படுகின்றனர். அவர்களோடு 'சத்தியபுத்திரர்' என்றொரு பெயரும் வருகிறது. மூவேந்தரை அறிவோம், இந்த நான்காமவர் யார்? துளு நாட்டவர் என்றனர் சிலர். காஞ்சிப் பகுதியினர் என்றனர் வேறு சிலர். அதியமான் மரபினரே என்று ஊகித்தோரும் உண்டு. ஊகம் ஊகமாகவே நின்றது.

மூன்றாவது துறையொன்று மலைக்குகைகளில் வளர்ந்தது. பாண்டி நாட்டுக் குகைகளில் கண்ட பழைய எழுத்துகளின் மொழி தமிழே என்பதைக் கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924ஆம் ஆண்டில் சென்னையில் கூடிய அனைத்திந்தியக் கீழ்த்திசை மாநாட்டில் எடுத்துரைத்தார். 1966ஆம் ஆண்டில் அதே சென்னையில் நடந்த கல்வெட்டுக் கருத்தரங்கில், அத்தகைய கல்வெட்டுகளை ஐராவதம் மகாதேவன் ஒருசேரத் தொகுத்தளித்தார். இவ்விரண்டும் அறிஞர் கூடிய அவைகளில் நிகழ்ந்தவை என்பதை வாசகர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

1981ஆம் ஆண்டு வந்தது. திருக்கோவலூர்ப் பக்கத்தில், தென்பெண்ணையாற்றை அடுத்த ஜம்பை என்னும் சிற்றூரின் குன்றில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. துறவியர் தங்குதற்கு அதியமான் நெடுமான் அஞ்சி அளித்த உறைவிடம் அது என்பதே அக்கல்வெட்டின் செய்தி. அவன் பெயருக்கு முன்னே அவனுக்குரிய பட்டமும் பொறிக்கப்பட்டிருந்தது. அந்தப் பட்டம்தான் அசோகர் குறித்த 'சத்தியபுத்திரர்' என்னும் அதே சொல், பிராகிருத வடிவில்!

ஒரே வரியில் இரு புதிர்கள் அவிழ்ந்தன. பாட்டில் வாழ்ந்த வள்ளல் கல்லில் எழுந்து நின்றான். அசோகரின் நான்காம் தென்னவர் தகடூர் அதியர் என்பது துலங்கிற்று. இனிச் சற்றே எண்ணிப் பார்ப்போம். பிராகிருதம் மட்டும் கற்றவர் அக்கல்லைக் கண்டிருந்தால் நெடுமான் அஞ்சி யாரென அறியார். சங்கத் தமிழ் மட்டும் கற்றவர்க்கு அப்பட்டம் பொருளற்ற ஒலியாகத் தோன்றியிருக்கும். எழுத்தறியாதவர்க்கோ இரண்டும் கீறல்களே. மூன்று கல்வியும் ஒன்றையொன்று சந்தித்த இடத்தில்தான் உண்மை பிறந்தது.

தருமபுரியின் நடுகற்கள் கூறுவதும் இதுவே. ஆநிரை மீட்டு மாண்ட வீரர்க்கு எடுத்த கற்கள் அம்மாவட்டத்தில் ஏராளம். வட்டெழுத்தைப் படிக்க ஒருவர் வேண்டும். கல் நாட்டும் முறைகளைத் தொல்காப்பியத்தோடு ஒப்பிட ஒருவர் வேண்டும். நுளம்பர் காலத்துக் கன்னட எழுத்தைப் படிக்க மற்றொருவர் வேண்டும். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1974ஆம் ஆண்டில் நடுகற்களுக்கென்றே ஒரு கருத்தரங்கின் கட்டுரைகளை நூலாக்கியது இத்தேவையை உணர்ந்துதான்.

அண்மையில், 2025 சனவரி 5 முதல் 7 வரை, சிந்துவெளி நாகரிகம் உலகுக்கு அறிவிக்கப்பட்டதன் நூற்றாண்டு விழாக் கருத்தரங்கு சென்னை எழும்பூரில் நடைபெற்றது. தொல்லியல் துறையோடு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் அதன் சிந்துவெளி ஆய்வு மையமும் அதில் பங்குகொண்டன. சிந்துவெளிக் குறியீடுகளும் தமிழகப் பானையோட்டுக் கீறல்களும் ஒப்பிட்டு ஆராயப்பட்டன. அக்குறியீடுகள் இன்னும் படிக்கப்படவில்லை. தனியொரு துறையால் அது கைகூடும் என்று நாம் நம்பவில்லை.

கணிதமும் வானியலும் வல்ல அல்பிரூனி, 1030ஆம் ஆண்டளவில் இந்தியாவைப் பற்றி நூல் எழுதுவதற்காக வடமொழி பயின்றார். தம் துறைக்கு அப்பால் கால்வைக்க அப்பேரறிஞர் நாணவில்லை.

நம் இல்லங்களுக்கு வருவோம். பாட்டனார் விட்டுச்சென்ற அரபுத்தமிழ் ஏடுகள் எத்தனை வீட்டுப் பெட்டிகளில் செல்லரிக்கின்றன! அரபு எழுத்தறிந்தவர்க்குத் தமிழ் யாப்புத் தெரிவதில்லை; தமிழ்ப் புலவர்க்கு அவ்வெழுத்துப் புரிவதில்லை; வரலாற்றாசிரியர்க்கோ அந்த ஏடு இருப்பதே தெரியாது. 1973ஆம் ஆண்டில் திருச்சியில் கூடிய முதல் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு இவர்களை ஒன்றாக அமர்த்தும் வழியைத் திறந்தது. அவ்வழியில் மேலும் நடப்பது நம் கடன்.

ஜம்பைக் கல் ஈராயிரம் ஆண்டுகள் காத்திருந்தது. கல்லாதலால் காத்திருக்க முடிந்தது. காகிதம் அவ்வளவு காலம் காத்திராது. வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்போம். ஏட்டை அறிஞர் அவைக்குக் கொண்டு செல்வோம்.