தின்னர் வாசனை போன கதை

நான் வேலை பார்த்த பட்டறையில பெயின்டர் அண்ணன் ஒருத்தர் இருந்தார். தினமும் சாயங்காலம் தலைவலியோடதான் வீட்டுக்குக் கிளம்புவார். பெயின்ட்ல கலந்த தின்னர் ஆவியாகி நேரா அவர் நெஞ்சுக்குள்ளதான் போகும்.

தின்னரே இல்லாத பூச்சுக்கு வழி 1950களிலேயே பிறந்தாச்சுங்க. ஜெர்மனியின் எர்வின் கெம்மர், காற்றில் மிதக்கும் பிளாஸ்டிக் பவுடருக்குள் சூடான பொருளை முக்கியெடுத்தார். பூச்சு ரொம்பத் தடிமன். 1960களில் ஸ்ப்ரே துப்பாக்கி வந்தது. பவுடருக்கு மின்னூட்டம், கன்வேயரில் தொங்கிவரும் பொருளுக்கு எர்த், பச்சக்னு ஒட்டிக்கும். அடுப்பில் சுமார் 180-200 டிகிரியில் உருகி இறுகிடும். ஒட்டாம உதிர்ந்ததைச் சலிச்சு மறுபடி அடிக்கலாம்.

தூசுக்கு மாஸ்க் இப்பவும் வேணும்தான். ஆனா அந்தத் தின்னர் நெடி இல்லை. எங்க பட்டறைக்கு இது கொஞ்சம் சீக்கிரமே வந்திருக்கக் கூடாதா?